குடியை விட வைக்கப் போராடும் குடும்பம்! அவர்களுக்கும் வேண்டும் ஆதரவு

திருச்சி:

"இவனைத் திருத்த முடியுமா? விட்டுட்டு வாம்மா!"

"நீ ஒழுங்கா கவனிச்சா அவன் ஏன் குடிக்கிறான்?"

கணவரின் குடியை நிறுத்தப் போராடும் பெண்கள் பாலக்கரையிலும் சரி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலும் சரி, கேட்டுக் கேட்டு சலித்துப்போன பேச்சு இது. இரண்டாலும் அவர்களுக்கு நயா பைசா பிரயோசனம் இல்லை.

ஒரு மனைவி செய்த காரியம்

சென்னை சாந்தி ரங்கநாதனின் கணவர் டி.டி.ரங்கநாதன், குடி நோயால் 1979-ல் இறந்தார். அடுத்த ஆண்டே, 1980-ல், கணவர் பெயரிலேயே சிகிச்சை மையம் தொடங்கினார் சாந்தி. அங்கு குடித்தவருக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை உண்டு. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

குடும்பத்துக்கு எதற்கு ஆலோசனை? கடனை அடைப்பது, "காய்ச்சல்" என்று ஆபீசுக்குப் பொய் சொல்வது, ராத்திரி வாசலில் காத்திருப்பது... இதிலேயே அவர்கள் ஓய்ந்து போகிறார்கள். குடியும் தொடர்கிறது!

ரகசிய மருந்து ஆபத்து

"அவருக்குத் தெரியாம சாப்பாட்டில் கலந்துடுங்க" என்று விற்கும் மருந்தை நம்ப வேண்டாம். குடியை வெறுக்க வைக்கும் சில மருந்துகளின் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிருக்கே உலை வைக்கும்.

அறையில் பூட்டி வைப்பதும் தப்பு. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, பிதற்றல் வரலாம். டாக்டர் மேற்பார்வை அவசியம். புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

கடைக்காரரா? அவர் கைமாற்று கேட்டால் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

ஆபீஸ் நண்பரா? சிகிச்சை முடிந்து வந்தவரை "ஒரே ஒரு ரவுண்டு" என்று இழுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரா? ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். சாயங்காலம் வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் மறுபடி குடித்துவிட்டால் "அப்பவே சொன்னேனே!" என்று குத்த வேண்டாம். இந்த நோயில் சறுக்கல் சகஜம். திரும்ப சிகிச்சைக்கு அழைத்துப் போவதுதான் வழி.

அடி வாங்க வேண்டாம்

கூட நிற்பது என்றால் அடியைப் பொறுத்துக்கொள்வது என்று அர்த்தமல்ல. அடித்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யலாம். அவர் விலகிப் போனாலும் யாரும் குறை சொல்லக் கூடாது. அது அவர் முடிவு.

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. கட்டணம் கிடையாது. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவியும் பேசலாம், அம்மாவும் பேசலாம்.