இரவுப் பணி நர்ஸின் குரல்

தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? சிறப்புப் படிப்பு எதைத் தொடங்குவதானாலும் முதலில் இந்தப் பட்டியல் வேண்டும். அதில் ஒரு பகுதியைத்தான் பாடப்புத்தகம் தரும். மீதி, நோயாளியின் கட்டிலருகே வருடக்கணக்கில் நின்றவர்களிடம் இருக்கிறது. மானிட்டர் அலறும் முன்பே ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்கிறார்களே, அந்த அறிவு.

அதை எழுத்தில் கொண்டுவர எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்தால் போதாது. மூத்த டாக்டர் சொல்வதே முடிவாகிவிடும். இரவுப் பணி நர்ஸ் தலையாட்டிவிட்டுப் போவார். நம் ஆஸ்பத்திரிகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சிக்கலுக்கு வழி ராணுவ ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் இருவரும் ஏழு வல்லுநர்களிடம் ஒரு கேள்வியை வைத்தார்கள். சோவியத் தரப்பிலிருந்து பார்த்தால், அமெரிக்க ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவு முடக்க எத்தனை அணுகுண்டுகள் தேவைப்படும்? ஏழு பேரையும் ஒன்றாகக் கூட்டவில்லை. யார் என்ன சொன்னார் என்றும் வெளியிடவில்லை. காரணங்களையும் தகவல்களையும் மட்டும் பெயரில்லாமல் சுற்றுக்கு விட்டு, மறுபடி மறுபடி கேட்டார்கள். முதலில் வந்த விடைகள் 50 முதல் 5,000 வரை பரந்து கிடந்தன. கடைசியில் 167-க்கும் 360-க்கும் இடையே வந்து நின்றன. 1963-இல் வெளியான இந்த ஆய்வின் வழிமுறைக்கு டெல்ஃபி என்று பெயர்.

குண்டு எண்ணப் பிறந்த முறை உயிர் காக்கும் கல்விக்கு வந்து சேர்ந்ததில் எனக்குப் பெரிய நிறைவு. சர்வதேச மகப்பேறு செவிலியர் கூட்டமைப்பு 2002-இல் வெளியிட்ட அடிப்படைத் திறன்களின் பட்டியல், பல நாட்டுச் செவிலியரிடம் இப்படிச் சுற்றுக்கு விட்டுத் தேறியதுதான்.

தீவிர சிகிச்சைப் பட்டியலில் ஒரு வரி இப்படி எப்படித் தேறும் என்று பார்ப்போம். ‘வென்டிலேட்டர் நோயாளிக்குச் சளி உறிஞ்சத் தெரிய வேண்டும்’ என்று முதல் சுற்றில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ‘தெரிய வேண்டும் என்றால் எதை வைத்து அளப்பது?’ என்று எழுதுகிறார். இன்னொருவர், உறிஞ்சும்போது ஆக்சிஜன் அளவு சரியும் ஆபத்தைச் சொல்கிறார். அடுத்த சுற்றில் அந்த வரி வேறாகிறது: தேவை இருக்கிறதா என்று பார்த்து, முன்னதாகக் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்து, ஒவ்வொரு முறையும் 15 விநாடிக்கு மேல் போகாமல், இதயத் துடிப்பைக் கவனித்தபடி செய்ய வேண்டும். இப்போது தேர்வாளர் பக்கத்தில் நின்று பார்த்து மதிப்பெண் போட முடியும்.

ஆனால் ஒருமித்த கருத்து என்பதாலேயே அது உண்மையாகிவிடாது. 70 சதவீதம் ஒப்புக்கொண்டால் போதும் என்கிறது ஒரு குழு. 80 வேண்டும் என்கிறது இன்னொன்று. எல்லோருக்கும் பொதுவான கோடு கிடையாது. மறுத்தவர்களின் காரணங்களையும் அச்சிட வேண்டும் என்பேன்.

சுற்றுக்குச் சுற்று ஆட்கள் குறைவது இன்னொரு குறை. மூன்றாவது கேள்வித்தாள் வரும்போது வார்டில் மூச்சுவிட நேரமில்லாதவர்தான் முதலில் விலகுவார். அவருடைய அனுபவத்துக்காகத்தானே இத்தனை ஏற்பாடும்? இந்தியச் செவிலியர் மன்றம் தீவிர சிகிச்சைக்கென்றே நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. இத்தகைய படிப்புகளுக்குத் திறன் பட்டியல் தயாரிக்கும்போது, கேள்வித்தாள் நிரப்பும் நேரத்தையும் டியூட்டி நேரமாகவே கணக்கிட வேண்டும்.