சமையற்காரர் இன்னும் முட்டை கேட்கிறார்

திரைக்குள் ஓர் ஊர் – 14

லம்பிரிட்ஜ் கோட்டைச் சமையலறையில் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். எஜமானருக்கு இன்று பிறந்தநாள். கேக் செய்தாக வேண்டும். முட்டை, பால், மாவு மூன்றுமே இல்லை. யாராவது கொண்டுவந்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்கிறார். 2001 ஜனவரி 4 அன்று 'ரூன்ஸ்கேப்' தொடங்கியதிலிருந்தே அவருக்கு இந்தக் கவலைதான். எத்தனை பேர் முட்டை கொண்டுவந்து கொடுத்தால் என்ன, அடுத்து வருகிறவரிடமும் அதே புலம்பல்.

மூடப்பட்ட ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். மூடாமல் இருக்கிற விளையாட்டின் சங்கடம் வேறு மாதிரி. அது நம்மைத் திரும்பக் கூப்பிடும். பள்ளிக்கூட நாளில் விட்டுவிட்டு வந்தவர், கல்யாணமாகி, குழந்தை பிறந்து, ஏதோ ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பழைய பெயரைத் தேடிப் போகிறார். அப்படிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லத்தான் இந்த வாரம். எனக்குப் பழக்கமான ஊர் ரூன்ஸ்கேப் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் தன் சகோதரர்களோடு சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு இது. அந்த நாளில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. பிரவுசரைத் திறந்தால் ஜாவாவில் அப்படியே ஓடியது. கனமான கம்ப்யூட்டர் தேவையில்லை. காசும் கட்டாயமில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி உட்கார்ந்த என்னைப் போன்றவர்கள் கையிலும் அது சிக்கியதற்குக் காரணம் அதுதான்.

எந்த வாசல்?

திரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பழைய ரூன்ஸ்கேப் இப்போது இரண்டு விளையாட்டுகளாகப் பிரிந்திருக்கிறது என்பது.

2012 நவம்பரில் சண்டை போடும் முறையை நிர்வாகம் அடியோடு மாற்றியது. ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு வேடிக்கை பார்த்துப் பழகியவர்களுக்கு வரிசையாகப் பொத்தான்கள் வந்து நின்றன. பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அப்போது 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த பழைய பிரதி ஒன்று நிர்வாகத்திடம் இருந்தது. அதைத் திறக்கலாமா என்று விளையாடுகிறவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். சுமார் 4,49,000 வாக்குகள் விழுந்தன. 2013 பிப்ரவரி 22 அன்று 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' பிறந்தது. மாற்றங்களோடு முன்னே போன மற்றொன்றுக்கு அதே வருடம் ஜூலையில் 'ரூன்ஸ்கேப் 3' என்று பெயர் வந்தது.

சிக்கல் இங்கேதான். பழைய ஊரைத் திறந்தார்களே தவிர, பழைய ஆட்களை உள்ளே விடவில்லை. ஓல்டு ஸ்கூலில் எல்லோருமே பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கினார்கள். நீங்கள் 2005-ல் வளர்த்த ஆள், அவனுடைய தங்கம், அவன் வாங்கிவைத்த கவசம் எல்லாம் ரூன்ஸ்கேப் 3-ல் இருக்கின்றன. நீங்கள் நினைத்து ஏங்குகிற தெருவும் திண்ணையும் ஓல்டு ஸ்கூலில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்க வழியில்லை.

வித்தியாசத்தை நம் சமையற்காரரை வைத்தே சொல்லிவிடலாம். ஓல்டு ஸ்கூலில் அவர் கேட்பது சாதாரண முட்டை, ஒரு வாளி பால், ஒரு பானை மாவு. ரூன்ஸ்கேப் 3-ல் அதே மனிதர் மிகப் பெரிய முட்டையும், முதல்தரப் பாலும், சலித்தெடுத்த நைஸ் மாவும் கேட்கிறார். வசதி வந்த வீட்டில் பேச்சும் மாறிவிடுகிறது.

நான் இரண்டு வாசலிலும் நுழைந்து பார்த்தேன். முதலில் பழைய கணக்கு. ஆள் இருந்தான், முகம் மட்டும் யாரோ மாதிரி. நண்பர்கள் பட்டியலைத் திறந்தேன். இருபத்துச் சொச்சம் பெயர்கள். ஆன்லைனில் இல்லாதவரின் பெயர் சிவப்பில் இருக்கும். மேலிருந்து கீழ்வரை எல்லாம் சிவப்பு. இருந்த பெயர்களில் பாதிக்கு மேல் யார் என்றே நினைவுக்கு வரவில்லை. ஆகவே என் முதல் யோசனை: பழைய ஆளைப் பார்க்க ஒரு நாள் போய் வாருங்கள், குடியிருக்கப் போக வேண்டாம். விளையாடத்தான் ஆசை என்றால் ஓல்டு ஸ்கூலில் புது ஆளாகத் தொடங்குங்கள்.

சாவி பத்திரம்

பழைய கணக்கு பெரும்பாலும் செத்துப்போன ஈமெயில் ஒன்றோடு கட்டப்பட்டிருக்கும். அதை மீட்க விளையாட்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு மட்டும் போங்கள். "நான் மீட்டுத் தருகிறேன்" என்று வருகிறவர் மீட்டுத் தரமாட்டார். கணக்கு கைக்கு வந்ததும் கடவுச்சொல்லை மாற்றி, போனில் வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். விளையாட்டுக்குள் இருக்கும் வங்கிக்கும் நாலு இலக்க ரகசிய எண் வைக்கலாம்.

ஊர் மாறினாலும் ஏமாற்றுகிறவர்கள் மாறவில்லை. காசைக் கொடு, இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர் இன்றும் நிற்கிறார். உன் கவசத்துக்குத் தங்க விளிம்பு கட்டித் தருகிறேன் என்பவரும் இருக்கிறார். அவரிடம் என் முதல் நல்ல கவசத்தை நம்பிக் கொடுத்துவிட்டு, சென்டர்காரர் "டைம் முடிஞ்சுது தம்பி" என்று சொல்லும்வரை அதே இடத்தில் காத்து நின்றவன் நான். "வா, ஒரு இடம் காட்டுகிறேன்" என்று வடக்கே அழைத்துப் போகிறவரிடமும் ஜாக்கிரதை. வடக்கே இருப்பது வனாந்தரம். ஓல்டு ஸ்கூலில் அங்கே ஒரு விளையாட்டுக்காரர் மற்றவரைக் கொல்லலாம். செத்தால் விலை உயர்ந்த மூன்று பொருள்கள் பொதுவாகத் தங்கும், மற்றவை போய்விடும்.

அவசரம் வேண்டாம்

"வயசாயிடுச்சு, விரல் ஓடாது" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இந்த விளையாட்டின் சர்வர் 0.6 வினாடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கிறது. அதற்குள் நீங்கள் நாலு தடவை கிளிக் செய்தாலும் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது. பெரிய ராட்சசர்களோடு மோதும்போது அந்தத் தாளத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். மரம் வெட்டவும் மீன் பிடிக்கவும் நாற்பது வயது விரல் தாராளமாகப் போதும்.

வேகத்தை விட ஆசைதான் ஆபத்து. ஒரு திறனில் 99-வது லெவலை எட்ட 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். இதில் சற்றேறக்குறையப் பாதியைத் தொடும்போது நீங்கள் நிற்பது 92-வது லெவலில். அதாவது கடைசி ஏழு படிகளும் முதல் தொண்ணூற்றிரண்டு படிகளும் ஏறக்குறைய ஒரே தூரம். அந்தக் காலத்தில் 70 வரை ஏறிவிட்டு, கொஞ்சம்தான் பாக்கி என்று இத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், போக வேண்டிய வழியில் நூற்றுக்கு ஆறு பங்குகூட நான் போயிருக்கவில்லை.

எனவே 99-ஐ நோக்கி ஓடாதீர்கள். கதைப்பணிகளைச் செய்யுங்கள், இந்த விளையாட்டின் நகைச்சுவை முழுக்க அவற்றில்தான் இருக்கிறது. சலிப்பூட்டும் ஆரம்பத்தைத் தாண்டவும் அவை உதவும். அருவிப் பணி என்று ஒன்று. சந்தா கட்டியவர்களுக்கானது, எந்தத் திறனும் கேட்காது. முடித்தால் தாக்குதலும் வலிமையும் 1-லிருந்து நேராக 30-க்குப் போய்விடும். அதற்காக எல்லாவற்றுக்கும் வழிகாட்டியைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டாம். எந்த மரத்தை எத்தனை மணி நேரம் வெட்டினால் எவ்வளவு லாபம் என்று இன்று பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நமக்கு எதுவும் தெரியாது; வழிதவறிப் போய்த்தான் பாதி ஊரைப் பார்த்தோம். முதல் வாரமாவது அப்படிப் போய்ப் பாருங்கள்.

காசும் நேரமும்

முதல் மாதம் இலவசப் பகுதியே போதும். இன்னமும் பிடித்திருந்தால் சந்தா கட்டலாம். வெளியே யாரிடமும் விளையாட்டுத் தங்கத்தை விலைக்கு வாங்காதீர்கள், கணக்கையே முடக்கிவிடுவார்கள். முறையான வழி 'பாண்டு'. ஒருவர் நிஜப் பணத்தில் வாங்கி விளையாட்டுக்குள் விற்பார். இன்னொருவர் விளையாட்டுத் தங்கம் கொடுத்து வாங்கி 14 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்வார்.

2018 அக்டோபரில் ஓல்டு ஸ்கூல் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. இது வரமா, வினையா என்பது உங்கள் கையில். பிரவுசிங் சென்டரில் நேரம் முடிந்தால் எழுப்பி விட ஆள் இருந்தார். இப்போது எழுப்ப யாரும் இல்லை. அந்த வேலைக்கு ஓர் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரும் நிற்கவில்லை

ஓல்டு ஸ்கூல் என்ற பெயரைப் பார்த்து, 2007 அப்படியே உறைந்து கிடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வாரக் நகரத்து வங்கி வாசலில் தொண்டை வறளக் கூவி விற்றோமே, அந்த வியாபாரத்தில் பெரும்பகுதி 2015-ல் வந்த பொதுச் சந்தைக்குள் போய்விட்டது. விலையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். புதிதாக எதையாவது சேர்ப்பதற்குப் பெரும்பாலும் வாக்கெடுப்பு உண்டு. முதலில் 75 சதவிகிதம் ஆதரவு தேவைப்பட்டது, பிற்பாடு 70 ஆனது. கடற்பயணம் என்ற திறன் 2015-ல் அந்த எல்லையைத் தொடாமல் தோற்றது. 2023-ல் மறுபடி வாக்குக்கு வந்து ஜெயித்து, 2025 நவம்பரில் கப்பல் விட்டது. பழசு மாறக் கூடாது என்று அடம்பிடித்தவர்களே, பத்து வருடம் யோசித்துவிட்டு ஒரு கடலைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

புது ஆளாக லம்பிரிட்ஜில் இறங்கிய அன்று, வேறெங்கும் போகத் தோன்றாமல் சமையலறைக்குள் நுழைந்தேன். என் பழைய கவசம், தங்கம், எழுபது லெவல் எதுவும் அவருக்குத் தெரியாது. முட்டை இருக்கிறதா என்று கேட்டார். கோழிப்பண்ணைக்கு வழி மறந்துபோயிருந்தது. சுற்றிச் சுற்றி ஆற்றங்கரைக்குப் போய், மாட்டு வேலியைத் தாண்டி ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். அங்கே எனக்கு முன்பே யாரோ ஒருவர் முட்டை தேடிக்கொண்டிருந்தார். என்னைப் போலவே துருப்பிடித்த மாதிரி ஒரு வெண்கல வாள். அவருக்கும் வழி தெரியவில்லை. "மாவு மில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றேன். சேர்ந்தே தேடினோம்.

கேக்குக்குக் கூலி 300 சமையல் புள்ளிகள். இன்னும் 1,30,34,131 பாக்கி. நண்பர்கள் பட்டியலில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது, பச்சையில்.

(அடுத்த வாரம்: விளையாட்டுக்குள் ஒரு சந்தை – விலைவாசியை யார் தீர்மானிக்கிறார்கள்?)