ரெண்டாவது குழந்தை, எட்டாவது மாசம்: "உனக்குத்தான் பழக்கமாச்சே"ன்னு சொல்றவங்களுக்கு

இன்னைக்கு எபிசோடு, ரெண்டாவது குழந்தையைச் சுமந்துக்கிட்டு எட்டாவது, ஒன்பதாவது மாசத்துல இருக்கிறவங்களுக்கு. அவங்களோட ஒரே வீட்டுல இருக்கிறவங்களும் கட்டாயம் கேளுங்க.

முதல் குழந்தைக்கு வளைகாப்பு, தாய் வீடு, "அதைத் தூக்காதே, இதைத் தொடாதே"ன்னு ஆயிரம் கவனிப்பு. ரெண்டாவதுக்குப் பல வீடுகள்ல வளைகாப்பே கிடையாது. கடைசி மாசம் வரைக்கும் ஆபீஸ், சாயந்திரம் வீட்டுக்கு வந்தா மூணு வயசுக் குட்டி பின்னாடியே ஓட்டம். இடுப்பு வலிக்குதுன்னு சொன்னா, "உனக்குத்தான் பழக்கமாச்சே"ன்னு ஒரு பதில் வரும்.

ரெண்டாவது பிரசவம் பெரும்பாலும் சீக்கிரம் முடியும். அது உண்மை. ஆனா அது பிரசவ வலியைப் பத்தின விஷயம். சுமக்கிற மாசங்கள் கதையே வேற. எனக்கு முதல் தடவை ஒன்பதாவது மாசத்துல வந்த இடுப்பு வலி, ரெண்டாவது தடவை ஆறாவது மாசமே வந்து உட்கார்ந்துக்கிச்சு. பல பேருக்கும் இதுதான் அனுபவம். அதுக்கு உடம்புலயே காரணங்கள் இருக்கு.

வயிறு ஏன் இவ்வளவு பெரிசா, கீழே தெரியுது?

நம்ம வயித்துக்கு முன்னாடி ரெண்டு நீளமான தசைகள் மேலிருந்து கீழா ஓடுது. நடுவுல அதை ஒரு கெட்டியான திசு இணைச்சு வைக்குது. முதல் கர்ப்பத்துல அந்தத் தசைகளும் திசுவும் நல்லா இழுபட்டிருக்கும். பிரசவத்துக்கு அப்புறம் சுருங்கினாலும், நிறைய பேருக்குப் பழைய இறுக்கம் முழுசா வர்றதில்லை. அதனால இந்தத் தடவை கர்ப்பப்பை சீக்கிரமே முன்னாடி சாயுது, கொஞ்சம் கீழேயும் தொங்குது. முன்னாடி பாரம் கூடும்போது, அதைச் சமாளிக்க முதுகு பின்னாடி வளையுது. அதுதான் நாள் முழுக்க இருக்கிற அந்தக் கீழ்முதுகு வலி.

"வயிறு இறங்கிடுச்சு, இன்னும் ரெண்டு நாள்தான்"னு பக்கத்து வீட்டு அக்கா சொல்வாங்க. முதல் குழந்தையோட தலை, பிரசவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னாடியே இடுப்புக்குள்ள இறங்குறது வழக்கம். ரெண்டாவது குழந்தைக்குப் பல சமயம் வலி ஆரம்பிச்ச பிறகுதான் தலை இறங்கும். அதனால வயித்தோட உயரத்தை வெச்சுத் தேதி கணிக்க முடியாது.

இடுப்பு எலும்புல வர்ற வலி

இடுப்பு எலும்புகள் பின்னாடி ரெண்டு இடத்துலயும், முன்னாடி அடிவயித்துக்குக் கீழே ஒரு இடத்துலயும் இணையுது. கர்ப்ப காலத்துல ஹார்மோன்கள் இந்த மூட்டுகளைப் பிடிச்சு வைக்கிற தசைநார்களைத் தளர்த்துது. கூடவே வயித்துத் தசையோட ஆதரவும் குறைஞ்சிருந்தா, மூட்டுகள் மேல பாரம் சமமா விழாது. இதுக்குப் பேர் பெல்விக் கர்டில் பெயின். கர்ப்பிணிகள்ல சுமார் அஞ்சுல ஒருத்தருக்கு வருது. போன தடவை வந்திருந்தா, இந்தத் தடவையும் வர வாய்ப்பு அதிகம்.

எப்படி இருக்கும்? படுக்கையில புரளும்போது, படி ஏறும்போது, ஒத்தைக் கால்ல நின்னு பேன்ட் போடும்போது சுரீர்னு இழுக்கும். கால்களை விரிக்கும்போதோ நடக்கும்போதோ முன்னாடி எலும்புல 'கடக்'னு ஒரு சத்தம்கூட வரலாம். குழந்தைக்கு இதனால ஆபத்து இல்லை. ஆனா அம்மாவுக்கு நடக்கிறதே கஷ்டமாயிடும்.

ரெண்டாவது தடவை இதை அதிகமாக்குற ஒரு பழக்கம் இருக்கு: மூத்த குழந்தையை ஒரு பக்க இடுப்புல தூக்கி வெச்சுக்கிறது. மூணு வயசுக் குழந்தை 13, 14 கிலோ இருக்கும். ஏற்கெனவே தளர்ந்திருக்கிற மூட்டுல ஒரே பக்கமா அந்தப் பாரத்தை ஏத்துறோம். "தூக்கவே தூக்காதே"ன்னு சொல்றது சுலபம், அழுற குழந்தைகிட்ட அது எடுபடாது. அதனால வேற வழி: நீங்க சோபாவுல உட்காருங்க, அது ஏறி மடிக்கு வரட்டும். தூக்கியே ஆகணும்னா தரையிலிருந்து தூக்காம, முதல்ல ஸ்டூல் மேல ஏறச் சொல்லி, நெஞ்சோட ஒட்டி நேரா பிடிங்க.

மத்த சின்னச் சின்ன மாற்றங்கள்: புரளும்போது ரெண்டு முழங்காலையும் சேர்த்து வெச்சு, உடம்பை மொத்தமா திருப்புங்க. வழவழப்பான துணியில நைட்டி போட்டா புரள்றது இன்னும் சுலபம். உடை மாத்தும்போது உட்கார்ந்துக்கோங்க. படியில ஒவ்வொரு படியா, ரெண்டு காலையும் வெச்சு வெச்சு ஏறுங்க. தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவுல ஒரு தலையணை. இதுக்கு மேலயும் வலிச்சா, டாக்டர்கிட்ட கேட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்க. சரியான பயிற்சியும் சிலருக்கு ஒரு சப்போர்ட் பெல்ட்டும் நல்ல வித்தியாசம் காட்டும். குழந்தை பிறக்கிற வரைக்கும் பொறுத்துக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

வெளியே சொல்லக் கூச்சப்படுற வலிகள்

கர்ப்பத்துல உடம்புல ரத்தத்தோட அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுது. கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துது. அதனால கால்ல நரம்பு சுருட்டிக்கிறது, மூலம், பிறப்புறுப்புப் பக்கம் நரம்பு வீங்கி கனமா இருக்கிறது எல்லாம் ஒவ்வொரு கர்ப்பத்துலயும் கொஞ்சம் கூடலாம். இரும்புச் சத்து மாத்திரையால மலச்சிக்கல் வந்தா மூலம் இன்னும் மோசமாகும். அதுக்காக மாத்திரையை நிறுத்தாதீங்க. தண்ணி, கீரை, பழம் அதிகப்படுத்துங்க, மாத்திரையை மாத்தித் தர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. கூச்சமா இருந்தா போன்ல டைப் பண்ணி வெச்சு, செக்கப்ல அப்படியே காட்டிடுங்க.

நெஞ்செரிச்சலுக்கு, ராத்திரி சாப்பாட்டைச் சீக்கிரம், கொஞ்சமா முடிச்சுக்கோங்க. 28 வாரத்துக்கு அப்புறம் மல்லாந்து தூங்காம, ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்க ஆரம்பிங்க. நடுராத்திரி முழிச்சுப் பார்க்கும்போது மல்லாந்து இருந்தா பயப்படாதீங்க, திரும்பிப் படுத்தா போதும்.

சூட்டு வலியா, பிரசவ வலியா?

ரெண்டாவது தடவை வயிறு கல்லு மாதிரி இறுகுறது சீக்கிரமே தெரிய ஆரம்பிக்கும். ஒழுங்கில்லாம வந்து, தண்ணி குடிச்சு, சிறுநீர் போயிட்டு, படுக்கிற பக்கத்தை மாத்தினா அடங்கிடுச்சுன்னா, அது பெரும்பாலும் சூட்டு வலி. நேரம் தவறாம வந்து, இடைவெளி குறைஞ்சு, வலி கூடிக்கிட்டே போனா அது பிரசவ வலி. 37 வாரம் முடியறதுக்கு முன்னாடி இப்படி ஒழுங்கா வந்தா, வீட்டுல உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, உடனே கிளம்புங்க.

நேரக் கணக்கையும் மாத்திக்கணும். பிரிட்டனோட நைஸ் வழிகாட்டுதல்படி, வலி முழுசா பிடிச்ச பிறகு முதல் பிரசவம் சராசரியா 8 மணி நேரம், அடுத்த பிரசவங்கள் சராசரியா 5 மணி நேரம். சென்னை டிராஃபிக்ல இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிசு. மூத்த குழந்தையை நடுராத்திரி யார் பார்த்துக்கிறாங்கன்னு இப்பவே பேசி வெச்சுடுங்க. வண்டி கிடைக்கலைன்னா 108.

முதல் குழந்தை சிசேரியன்னா ஒரு கூடுதல் விஷயம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அதனால இது நம்மள்ல நிறைய பேருக்குப் பொருந்தும். வலி ஆரம்பிச்சதுமே ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும். பழைய தழும்புப் பக்கம் விடாம வலிச்சா, ஒரு நிமிஷம்கூட தள்ளிப் போடாதீங்க.

எதெல்லாம் "நார்மல்" கிடையாது?

"உனக்குத்தான் பழக்கமாச்சே"ங்கிற வார்த்தையோட ஆபத்து இங்கதான். எல்லா வலியையும் பழக்கம்னு ஒதுக்கிப் பழகினா, ஒதுக்கக் கூடாததையும் ஒதுக்கிடுவோம். கீழே இருக்கிறதுல எது வந்தாலும், அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே போங்க.

குழந்தையோட அசைவு குறையறது. "கடைசி மாசத்துல இடம் இல்லை, அதான் அசையலை"ங்கிறது தப்பு. கடைசி வரைக்கும் அசைவு குறையக் கூடாது. நீங்க மூத்தது பின்னாடி ஓடிக்கிட்டே இருந்தா கவனிக்க நேரமிருக்காது. அதனால தினமும் கொஞ்ச நேரம் படுத்து அதை மட்டும் கவனிங்க.

விடாத தலைவலி, கண்ணு மங்கறது, விலா எலும்புக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீர்னு வீங்கறது. இது ரத்த அழுத்தம் ஏறுறதோட அறிகுறியா இருக்கலாம். 140/90 தொட்டாலே டாக்டர் பார்க்கணும். முதல் தடவை பிபி இல்லாதவங்களுக்கும் வரலாம்.

உள்ளங்கை, உள்ளங்கால்ல தடிப்பே இல்லாம அரிப்பு, குறிப்பா ராத்திரியில. தோல் வறட்சின்னு எண்ணெய் தடவிட்டு விட்டுடாதீங்க. கல்லீரல் சம்பந்தப்பட்ட பிரச்சினையான்னு ரத்தப் பரிசோதனையில பார்க்கணும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, ரத்தக் கசிவு, தண்ணி மாதிரி ஒழுகறது, காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல். இதுக்கெல்லாமும் உடனே போகணும்.

கடைசியா, வீட்டுல இருக்கிறவங்களுக்கு. ராத்திரி குளியல், சாப்பாடு, தூங்க வைக்கிறதுன்னு மூத்த குழந்தையோட வேலையில எதையாவது ஒண்ணை இன்னைக்கே முழுசா எடுத்துக்கோங்க. அவங்க வலிக்குதுன்னு சொன்னா, "எங்க வலிக்குது, எப்ப இருந்து?"ன்னு கேளுங்க. எதை வீட்டுலயே சமாளிக்கலாம், எதுக்கு ஓடணும்னு அந்த ரெண்டு கேள்வியிலேயே பாதி தெரிஞ்சுடும்.

அடுத்த எபிசோடுல, ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் பால் கொடுக்கும்போது வயிறு ஏன் இன்னும் அதிகமா இழுத்துப் பிடிக்குதுன்னு பேசலாம். உடம்பைப் பார்த்துக்கோங்க.