பிழையில்லை

எங்கள் அயலில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருக்கின்றார். அகவை எண்பத்தைந்தைக் கடந்தவர். அவருடைய மகன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். 1980களின் இறுதியிலே டென்மார்க்குக்குச் சென்று யூலாந்துப் பகுதியிற் குடியமர்ந்தவன். அவனுடைய கடைக்குட்டிப் பெண் அங்கே ஏழாம் வகுப்பில் வாசிக்கின்றாள். ஊருக்கு வந்துபோனபோது கண்ட அப்பப்பா வீட்டுக் கிணற்றையும் துலாவையும் பற்றி டேனிஷ் மொழியிலே கட்டுரையொன்று எழுதி, அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து, ஆசிரியை அடியில் எழுதிய குறிப்பையும் விடாமற் பெயர்த்துத் தபாலில் அனுப்பியிருந்தாள்.

அந்தத் தாளோடு பெரியவர் ஒரு மாலை என்னிடம் வந்தார். ஒன்றும் பேசவில்லை. கடைசி வரியிலே விரலை வைத்தார். “நொட் ஸோ பாட்” என்றிருந்தது. முப்பது ஆண்டுகளாக மாணாக்கர் கொப்பிகளிற் சிவப்பு மையால் அதே தொடரை எழுதியவர் அவர். யாருக்கு எழுதினார்? தட்டித் தடவி முப்பத்தைந்து புள்ளியை எட்டியவர்களுக்கு.

“என்ரை பேத்தி முப்பத்தைந்து புள்ளிக்காரியோ, பண்டிதர்?” என்றார்.

அன்றிரவே தொலைபேசியிற் பிள்ளைக்குப் புத்தி சொல்லிவிட்டார். இன்னும் முயன்று படிக்க வேண்டும் என்றாராம். பெருமையோடு அனுப்பிய பிள்ளை அழுதுகொண்டு அறைக்குட் போய்விட்டாள். இதனை மறுநாள் நண்பன் சொல்லக் கேட்டு, ஆசிரியை எழுதிய மூலத்தை வாசிக்கும்படி சொன்னேன். “இக்கெ ஸோ ரிங்கெ எண்டா” என்று வாசித்தான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அவ்வளவு கீழானதன்று’ என்பதே பொருள். பிள்ளை பெயர்த்ததிற் குற்றமில்லை. ஆனால் யூலாந்தாருடைய வாயில் அத்தொடர் எளிதிலே வருவதில்லையாம். வந்தால் அது பெரும் பாராட்டாம். அந்த ஆசிரியை அவ்வகுப்பில் வேறெவருக்கும் அந்த ஆண்டில் அதனை எழுதவில்லை என்றான்.

‘ரிங்கெ’ என்னுஞ் சொல்லின் தரத்தையும் அவனே விளக்கினான். அந்நாட்டுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முதற்றான் புள்ளி வழங்குவர். 12 தலைப்புள்ளி, அதன்கீழ் 10, 7, 4, 02, 00 என இறங்கி, சுழியத்துக்குங் கீழே போய் மறை மூன்றில் முடியும். அந்த மறை மூன்றுக்கு உரிய அடைமொழிதான் ‘ரிங்கெ’. அதளபாதாளத்திற் கிடக்கும் அச்சொல்லுக்கு முன்னே ‘அவ்வளவு இல்லை’ என்று சேர்த்தால் அது மேலே ஏறி மாலையாகிவிடுகின்றது. விந்தை அன்றோ!

இதனினும் விந்தை ஒன்றுண்டு. முன்னைய ஆண்டு பிள்ளை ஒரு படம் வரைந்து அனுப்பியபோது, அதன் கீழே ஆசிரியை எழுதியிருந்தது ‘டுக்டி’ என்ற சொல். அதனைப் பிள்ளை ‘கிளெவர்’ என்று பெயர்த்தாள். பெரியவர் அப்படத்தை ஒழுங்கை முழுவதும் காட்டித் திரிந்தார். ஆனால் டென்மார்க்கிலே, சப்பாத்து நாடாவைத் தானே கட்டிய குழந்தைக்கும் ‘டுக்டி’ என்பார்கள். மலிந்த சொல்லுக்கு மகிழ்ந்தார். அரிய சொல்லுக்கு அழவைத்தார்.

‘டுக்டி’ மட்டமான சொல் என்று எண்ணிவிடலாகாது. ‘பயன்படுதல்’ என்னும் வினையோடு உறவுடையது அது. ஆங்கிலத்திலும் அதற்கு உடன்பிறப்பு உண்டு. ‘டௌட்டி’ என்பது அதன் பெயர். பழைய வீரர் கதைகளுக்குள் ஒதுங்கிவிட்டபடியால் இன்று குழந்தையைப் பார்த்து யாரும் அதனைச் சொல்லார். ஆகவே ஆங்கிலத்திற் பெயர்ப்பவர் ‘கிளெவர்’ என்று மூளையைப் புகழ்வார். அல்லது ‘குட் கேர்ள்’ என்று குணத்தைப் புகழ்வார். மூலமோ, கருமத்தைச் செய்து முடிக்கும் வல்லமையைப் புகழ்கின்றது. நம்மூரிற் ‘கெட்டிக்காரி’ என்கின்றோமே, அதுவே அதற்கு நேர் என்பது என் துணிபு.

இவ்வளவில் எனக்கும் சொல்லாசை பிடித்துக்கொண்டது. டேனிஷ் மொழியிலே ‘லொவ்’ என்பதற்குச் சட்டம் என்பதும் பொருள். புகழ் என்பதும் பொருள். எழுத்தும் ஒன்றே, ஒலியும் ஒன்றே. பிறப்பு மட்டும் வேறு. சட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பண்டைக் கடலோடிகளான வடவரிடமிருந்து பெற்றது. புகழைக் குறிக்கும் சொல்லோ ஆங்கிலத்துக்கும் பழஞ்சொத்து. டேனிய அரசரைப் பற்றிய பேச்சோடு தொடங்கும் ‘பெயோவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தின் இறுதிச் சொல்லே ‘புகழை மிக விரும்பியவன்’ என்பது. அதனுள் இருப்பது இந்த ‘லொஃப்’ தான். பின்னாளில் ஆங்கிலேயர் வடவர் தந்த சட்டத்தை வைத்துக்கொண்டு தம் பழம்புகழைத் தொலைத்துவிட்டார்கள். அந்த வெற்றிடத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்ததே ‘பிறெய்ஸ்’. அதன் மூலமான இலத்தீன் சொல்லுக்கு ‘விலை’ என்பது பொருள். புகழ்வதாவது விலை மதிப்பது போலும்!

டேனியர் வாயிற் புகழ் ஏன் இவ்வாறு தலைகீழாக வருகின்றது? டென்மார்க்கிற் பிறந்து நோர்வேயிற் குடியேறிய அக்ஸெல் ஸான்டெமூஸ 1933இல் வெளியிட்ட நாவலிலே, ‘யான்டெ’ என்ற கற்பனை ஊருக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். எம்மினும் நீ மேம்பட்டவன் என்று நினையாதே என்பது அவற்றின் சாரம். எதற்கும் அதனையே காரணமாகக் காட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அவர் எள்ளி எழுதியதைப் பிறர் சட்டமாக்கிவிட்டனர். அவர் காலத்துக்கு முன்னரே இவ்வடக்கம் அங்கிருந்தது.

ஹான்ஸ் கிறிஸ்ரியன் அன்டர்சன் 1837இல் வெளியிட்ட சக்கரவர்த்தியின் புத்தாடைக் கதையைப் பாருங்கள். இல்லாத ஆடையைப் புகழ்கின்ற அரசவையாரின் வாயில் ‘மன்யிஃபிக்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை வைத்தார் ஆசிரியர். டேனிஷ் வாசகருக்கு அந்த இரவற்சொல் கேட்டவுடனே போலியாக ஒலிக்கும். ஆங்கிலத்திலோ அதன் உடன்பிறப்பான ‘மக்னிஃபிசென்ற்’ நாட்டுச்சொல்லாகவே ஊறிவிட்டது. அச்சொல்லாற் பெயர்த்தால் அரசவையார் உண்மையாகவே வியந்ததுபோல ஆகும். கதையின் எள்ளல் பாதி கரைந்துவிடும். பிரெஞ்சை அப்படியே விடுவது நன்று.

ஆசிரியையின் குறிப்புக்கும் ஆங்கிலத்தில் வழியில்லாமற் போகவில்லை. “நொட் பாட் அற் ஓல்” என்று எழுதியிருந்தால், பெரியவர் எந்த மனிதரையும் தடுத்து நிறுத்திக் காட்டியிருப்பார். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த நுட்பம் எங்ஙனம் தெரியும்?

இவற்றையெல்லாம் பெரியவருக்குச் சொல்லப் போனபோது அவர் மதிய உணவில் இருந்தார். நம்பவில்லை. “கீழ் இல்லை எண்டால் மேல் எண்டு ஆகுமோ?” என்று இலக்கண வழக்காடினார். அப்போது அவர் மனைவியார் அகப்பையோடு வந்து, முருங்கைக்காய்க் கறி எப்படி என்று கேட்டார்.

“பிழையில்லை” என்றார் பெரியவர்.

அம்மையார் முகம் மலர்ந்து உள்ளே போனார். ஐம்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அச்சொல்லின் விலை அவருக்குத் தெரியும். நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் சோற்றைப் பார்த்தார்.

கையலம்பிய பின்னர் மகனின் இலக்கத்தை அழுத்தித் தரும்படி கேட்டார். அங்கே காலை நேரம். பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். “கட்டுரை பிழையில்லைப் பிள்ளை” என்றார். அவளுக்கு அது விளங்கவில்லை. தகப்பனைக் கூப்பிட்டு என்ன பொருள் என்று கேட்பது எங்களுக்குக் கேட்டது. நண்பன் சற்றுத் தயங்கி, ஆசிரியை எழுதிய அதே டேனிஷ் தொடரைச் சொன்னான்.