உதவி செல்லும் வழி

பிறர்க்கு உதவ வேண்டும் என்னும் எண்ணம் சிறந்ததே. ஆயினும், எண்ணம் மட்டும் பசியை ஆற்றாது. கிடங்கில் மலைபோல் அரிசி குவிந்திருப்பினும், வழி அடைபட்டிருந்தால் பசித்தவர் வீட்டில் உலை கொதிக்குமோ? பொருளைத் திரட்டுதல், காத்தல், கொண்டு செல்லுதல், பகிர்ந்தளித்தல் ஆகிய நான்கும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி பயன்படாது. இவ்வொழுங்கினை வழங்கல் முறை என்பர்.

இம்முறையின் அருமையைப் புதுக்கோட்டை மாவட்டத்து மக்கள் 2018ஆம் ஆண்டில் நன்கு உணர்ந்தனர். அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் பொழுது புலருமுன், கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்து உள்நாட்டில் புகுந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு முதலிய ஊர்களில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. புயல் தாக்கிய மாவட்டங்களில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமுற்றன.

இப்பகுதி மக்கள் பெரிதும் ஆழ்குழாய்க் கிணறுகளையே நம்பி வாழ்பவர். நிலத்தின் அடியில் நீர் இருந்தது. அதனை மேலே ஏற்ற மின்சாரம் இல்லை. உதவிப் பொருள்கள் வெளியூர்களில் திரண்டன. அவை வரும் சாலைகளில் மரங்கள் குறுக்கே கிடந்தன. ஆகவே, முதல் உதவி அரிசி மூட்டையன்று. மரம் அறுக்கும் வாளே ஆயிற்று. ஊர் இளைஞர்கள் மரங்களை வெட்டி வழி திறந்தனர். மின்னாக்கி எந்திரங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்று, மேல்நிலைத் தொட்டிகளில் நீர் ஏற்றினர். பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளம் போன்ற அண்டை மாநிலங்களிலிருந்தும் மின்பணியாளர் வந்து, சேற்று வயல்களில் கம்பங்களைத் தோளில் சுமந்து நட்டனர்.

பேரிடர்க் காலங்களில் பெருஞ்சாலை ஓரத்து ஊர்களில் பொருள் மிகுவதும், உள்ளடங்கிய குடியிருப்புகளுக்கு ஒன்றும் எட்டாமற் போவதும் உண்டு. ஓரிடத்தில் பழைய துணி குவியும். மற்றோரிடத்தில் குழந்தைக்குப் பால் இராது. எங்கே, யாருக்கு, எது, எவ்வளவு தேவை என்று முன்னரே கேட்டறிவதே இக்குறைக்கு மருந்து. ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கும் நியாயவிலைக் கடையில் உள்ளது. நடக்க இயலாத முதியவர் எந்த வீட்டில் உள்ளார் என்பதை ஊரார் அறிவர். இவ்விரண்டும் சேர்ந்தால் எவரும் விடுபடார்.

உலக அளவிலும் இதுவே நெறி. 1961ஆம் ஆண்டில் தோன்றிய உலக உணவுத் திட்டம், இத்தாலி நாட்டுப் பிரிண்டிசி முதலிய இடங்களில் கிடங்குகள் அமைத்து, இடர் வருமுன்னரே உதவிப் பொருள்களைச் சேமித்து வைக்கிறது. இவ்வமைப்பிற்கு 2020இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

உதவி உடனே சென்றால் மட்டும் போதாது. அது நிலைத்த பயனும் தருதல் வேண்டும். இன்று தாகம் தீர்த்த நெகிழிப் புட்டி நாளை கண்மாயின் மடையை அடைத்தல் ஆகாது. அருகிலுள்ள ஆலைகளில் அரிசி வாங்கினால், போக்குவரத்தில் எரிபொருள் மிஞ்சும். உழவர்க்கும் வருவாய் உண்டாகும். உணவுப் பொட்டலம் ஒரு வேளைக்கு உதவும். ஆனால், நாட்டுத் தென்னங்கன்று காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். தோப்பு இழந்தவர்க்கு அத்தனை ஆண்டுகளும் துணை தேவை அன்றோ? புயலுக்கு அடுத்த ஆண்டில் கீரமங்கலம் பகுதி இளைஞர்கள் தம் ஊர்க் குளங்களைத் தூர்வாரினர். இதுவும் உதவியே; வரும் தலைமுறைக்குச் செய்யும் உதவி.

மாணவர்களே! காலத்தில் செய்யும் உதவியின் பெருமையை வள்ளுவர் நமக்கு உணர்த்தினார். அத்துடன் இடமும் வழியும் அறிந்து உதவக் கற்றுக்கொள்ளுங்கள். சாலை முடியுமிடத்தில் உள்ள கடைசி வீட்டையும் எட்டும்போதே உதவி முழுமை பெறுகிறது.