சிட்டியை எப்படிச் செய்தார்கள்?

நஞ்சன்கூடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நஞ்சுண்டேசுவரர் கோயிலும் கபிலை ஆறும் ரசபாளெ வாழைப்பழமும் நினைவுக்கு வரும். மைசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் இதே ஊரின் தொழிற்பேட்டையில் ஏடி அண்ட் எஸ் என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் பிசிபி ஆலையும் இருக்கிறது. செப்புக் கோடுகள் பதித்த பச்சைப் பலகைகளை அடுக்கடுக்காக அழுத்திச் செய்யும் இடம் அது. நிஜ ரோபோ எதுவானாலும் அதன் மூளை இப்படியொரு பலகையின் மேல்தான் உட்கார வேண்டும். சினிமா ரோபோவுக்குப் பலகை தேவையில்லை. ஆனால் அதைச் செய்து முடிப்பது இதைவிட எளிது என்று எண்ணிவிடக் கூடாது. ‘எந்திரன்’ (2010), ‘2.0’ (2018) ஆகிய இரண்டு படங்களிலும் வந்த ரோபோ சிட்டி எந்தெந்தப் படிகளைக் கடந்து திரைக்கு வந்தான் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி எழுத்து. சிட்டியின் வேரைத் தேடினால் சென்னை ஸ்டுடியோவுக்கு முன்னால் பெங்களூரில் போய் நிற்போம். அங்கே பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் எண்பதுகளில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடர்கதையை எழுதினார். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, நிலா என்ற பெண், ஜீனோ என்ற ரோபோ நாய். புத்தகம் படிக்கும், யோசிக்கும், கிண்டல் செய்யும் அந்த நாய் வாசகர்களை விடவில்லை. ‘மீண்டும் ஜீனோ’ என்று அடுத்த தொடரும் வந்தது. தமிழில் விஞ்ஞானப் படம் அதற்கு முன்பும் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 1952இல் ‘காடு’ எடுத்தது. 1963இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுஜாதாவே 1986இல் கமல்ஹாசனின் ‘விக்ரம்’ படத்துக்கு எழுதினார். ஆனாலும் ஓர் இயந்திரத்துக்குச் சுபாவம் உண்டு, அதோடு நாம் சிநேகமாக முடியும் என்ற எண்ணத்தைத் தமிழ் வாசகன் மனத்தில் பழக்கியது ஜீனோதான். ‘2.0’ படத்தில் எமி ஜாக்சன் நடித்த பெண் ரோபோவின் பெயர் நிலா. சுஜாதாவைப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் சும்மா வந்ததாகத் தோன்றாது.

அடுத்த படி காத்திருப்பு. இதைப் படியாகச் சேர்ப்பதா என்று கேட்கலாம். இந்தப் படத்துக்கு அதுதான் மிக நீண்ட படி. இயக்குநர் ஷங்கர் இந்தப் படத்துக்கு ‘ரோபோ’ என்று பெயரிட்டு 2000களின் தொடக்கத்திலேயே கமல்ஹாசனையும் ப்ரீத்தி ஜிந்தாவையும் வைத்துத் தோற்றச் சோதனை வரைக்கும் போனார், படம் நின்றது. 2007இல் ஷாருக் கானோடு பேச்சு நடந்து அதுவும் முறிந்தது. 2008இல் ரஜினிகாந்த் வந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 27 அன்று, படத்துக்கு வசனம் எழுதிவந்த சுஜாதா காலமானார். உலகப் பணநெருக்கடியில் தயாரிப்பாளர்கள் கையை விரிக்க, சன் பிக்சர்ஸ் பொறுப்பேற்றது. இத்தனை கைமாறியும் கதை உயிரோடு இருந்ததற்கு ஒரே காரணம், அது காகிதத்தில் உறுதியாக நின்றிருந்தது. சுஜாதா விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தொட்டவர்கள் ஷங்கரும் மதன் கார்க்கியும். கார்க்கி அண்ணா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கற்பித்தவர். ‘எந்திரன்’ ரோபோ பேசும் தமிழை எழுத, சுஜாதா, கார்க்கி என்று இரண்டு முறையும் பொறியியல் படித்தவர்களே வாய்த்தார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

மூன்றாவது, படம் எடுப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்துவிடுவது. இதற்குத் தொழிலில் ப்ரீவிஸ் என்று பெயர். ஸ்டோரிபோர்டில் வரைந்த கட்டங்களைக் கணினியில் முப்பரிமாணப் பொம்மைகளாக ஓடவிடுவார்கள். கேமரா எந்த உயரத்தில் நிற்க வேண்டும், எந்த லென்ஸ், எவ்வளவு செட் கட்டினால் போதும், மீதியை எங்கிருந்து கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் இங்கேயே முடிவாகிவிடும். ‘எந்திரன்’ கடைசிச் சண்டையில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாக உருண்டு, பாம்பாக நெளிந்து, பூதமாக எழுந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே நடிகர் நின்ற நேரம் கொஞ்சம்; முன்கூட்டித் திட்டமிட்ட நேரம்தான் அதிகம்.

பிறகு உடம்பு. கலை இயக்குநர் சாபு சிரில் ஆய்வகத்தைக் கட்டினார். அவரே ஒரு சின்ன வேடத்தில் வந்தும் போனார். ‘மென் இன் பிளாக்’ படத்துக்கு உடை வடிவமைத்த மேரி வோக்ட் சிட்டியின் உடைக்கு வந்தார். ‘டெர்மினேட்டர்’, ‘ஜுராசிக் பார்க்’ படங்களின் இயந்திர உருவங்களைச் செய்த ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையிலிருந்து வளர்ந்த லெகஸி எஃபெக்ட்ஸ், ரஜினி முகச்சாயலில் இயந்திரப் பொம்மைகளைச் செய்து கொடுத்தது. தோல் போர்த்தாத உலோகச் சிட்டி கழுத்தைத் திருப்பும்போது அது தானாகத் திரும்பவில்லை. திரைக்கு வெளியே பொம்மலாட்டக்காரர்கள் நின்று ஆளுக்கொரு அசைவைப் பிடித்துக்கொண்டார்கள்.

இனி முகம். இந்த வேலையில் மிகக் கடினமான படி இதுதான். கார் பறக்கும்போதும், ரயில் பெட்டிக்கு மேல் ஓடும்போதும் ரஜினி அங்கே இருக்க முடியாது. டூப் ஒருவர் செய்வார். டூப்பின் உடம்பில் ரஜினியின் முகத்தை வைக்க வேண்டும். ஒரு புகைப்படத்தை வெட்டி ஒட்டினால் ஒரு நொடியில் பார்வையாளர் கண்டுபிடித்துவிடுவார், அதுவும் ரஜினியின் முகத்தை! விஷுவல் எஃபெக்ட்ஸ் பொறுப்பிலிருந்த வி. ஸ்ரீனிவாஸ் மோகன் இதற்காக லைட் ஸ்டேஜ் முறையைத் தேர்ந்தெடுத்தார். கலிபோர்னியாவில் பால் டெபவெக் என்ற ஆராய்ச்சியாளர் உருவாக்கிய கருவி அது. ‘ஸ்பைடர்மேன் 2’ படத்துக்கும் அவருடைய லைட் ஸ்டேஜ்தான் உதவியது. கூண்டு மாதிரியான சட்டத்தின் நடுவே நடிகர் உட்காருவார். சுற்றிலும் உள்ள விளக்குகள் ஒவ்வொரு திசையிலிருந்தும் மாறி மாறி எரியும். கேமராக்கள் அதைப் படம்பிடித்துக்கொண்டே இருக்கும். முகத்தின் வடிவம் மட்டுமல்லாமல், வலது கன்னத்தில் வெளிச்சம் பட்டால் மூக்கின் நிழல் எங்கே விழும், எண்ணெய்ப் பசையுள்ள நெற்றி எப்படி மினுங்கும், தோலுக்குள் ஒளி எவ்வளவு இறங்கும் என்பதெல்லாம் கணக்காகப் பதிவாகிவிடும். சிரிப்பு, கோபம், புருவத் தூக்கல் என்று ஒவ்வொரு பாவனைக்கும் தனித்தனியாக எடுப்பார்கள். அதன்பின் வெயிலோ நிலவோ தீயோ, எந்த வெளிச்சத்திலும் கணினி முகம் அந்த இடத்தில் நின்றதுபோலவே தெரியும்.

ஷூட்டிங்குக்கு வருவோம். ரஜினியின் இன்னொரு வேடமான விஞ்ஞானி வசீகரனும் சிட்டியும் எதிரெதிரே நின்று பேசும் ஒரு ஷாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா அசையாமல் நின்றால் பழைய இரட்டை வேட முறையே போதும். இங்கே கேமரா நகர்கிறது. அதனால் மோஷன் கன்ட்ரோல் கருவியில் கேமராவைப் பூட்டுவார்கள். அது போகும் பாதையைக் கணினி மனப்பாடம் செய்துகொள்ளும். ரஜினி வசீகரனாக நடிப்பார், எதிரே டூப் நிற்பார். ஒப்பனை மாறிச் சிட்டியாக வந்ததும் கேமரா மயிரிழை பிசகாமல் அதே பாதையில் மறுபடி போகும். அடுத்தது ஆளே இல்லாத வெற்றுக் காட்சி. டூப்பை அழிக்கும் இடத்தில் பின்னணியை நிரப்ப அது வேண்டும். அந்த இடத்தின் வெளிச்சத்தைப் பதிவு செய்ய ஒரு வெள்ளிப் பந்தை நீட்டிப் படமெடுப்பதும் இந்தத் தொழிலில் வழக்கம். ஒப்பனை மாற்ற ஆகும் நேரத்தில் செட்டில் யாரும் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தக் கூடாது. ஒளிப்பதிவாளர் ரத்னவேலுவின் பொறுமையை நான் இங்கேதான் வியக்கிறேன்.

கடைசியில் அடுக்குதல். பின்னணி, டூப்பின் உடம்பு, கணினி முகம், நிழல், புகை, தூசி ஆகிய ஒவ்வொன்றும் தனி அடுக்கு. நஞ்சன்கூடு ஆலையில் பிசிபி அடுக்குகளைத் துளைக்குத் துளை பொருந்தும்படி வைத்து அழுத்துவதைப்போலவே இங்கும். ஓர் அடுக்கு ஒரு புள்ளி விலகினாலும் முழு ஷாட்டும் வீண். ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1 அன்று வெளியானது. ஸ்ரீனிவாஸ் மோகனுக்குச் சிறப்பு விளைவுகளுக்கான தேசிய விருதும், சாபு சிரிலுக்குத் தயாரிப்பு வடிவமைப்புக்கான தேசிய விருதும் கிடைத்தன.

‘2.0’ இதே படிகளை இரட்டிப்பாக்கியது. லைகா தயாரித்த அந்தப் படம் நேரடியாக 3டியில் எடுக்கப்பட்டது. இடது கண்ணுக்கு ஒரு கேமரா, வலது கண்ணுக்கு ஒன்று. இரண்டும் ஒளியைப் பங்கிட்டுக்கொள்வதால் விளக்கும் கூடுதலாக வேண்டும். ஒரு நொடிக்கு 24 பிரேம் என்ற கணக்கு இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 48 ஆனது. ஒவ்வொரு கிராபிக்ஸ் பிரேமும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனி. ரிலீஸ் தேதி பலமுறை தள்ளிப்போய் 2018 நவம்பர் 29 வந்ததற்குக் கிராபிக்ஸ் வேலை முடியாததே காரணம். நிரவ் ஷா ஒளிப்பதிவு, முத்துராஜ் கலை, ஜெயமோகனும் ஷங்கரும் வசனம், ரசூல் பூக்குட்டி ஒலி. கதையின் பிடிப்பில் முதல் படமே மேல் என்பது என் தீர்ப்பு. உழைப்பில் இரண்டாவது படம் ஒரு படி கூட.

தென்னிந்தியாவின் முதல் படமான ‘கீசக வதம்’ இன்று ஒரு பிரேம்கூடக் கிடையாது. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. சிட்டியின் ப்ரீவிஸ் கோப்புகளும் முக ஸ்கேன்களும் அச்சுகளும் உடைகளும் சுஜாதா கைப்பட எழுதிய பக்கங்களும் அந்த வழியில் போய்விடக் கூடாது. ஹார்ட் டிஸ்க் ஃபிலிமைவிட வேகமாகக் கெடும் பொருள். தயாரிப்பு நிறுவனங்கள் இவற்றின் ஒரு பிரதியைப் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும், இன்னொன்றைத் தரமணி திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் ஒப்படைக்க வேண்டும். இந்தப் படங்களில் வேலை பார்த்த கலைஞர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் குறிப்பேடுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள்.