மருந்தும் அதற்குரிய நாளும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வருவோர், ஊரை எட்டுமுன் வேங்கிக்காலையும் அங்குள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் காண்பர். 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலம் இல்லை. கோயில், தேவாலயம், பள்ளிவாசல் யாவும் மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. அந்நாள்களில் எழுத்தறியாதவரும் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டனர். ரெம்டெசிவிர் என்பதே அது.

அன்பு வாசகர்களே, அம்மருந்தைத் தேடி அலைந்த குடும்பங்களுள் உங்களுடையதும் ஒன்றாய் இருந்திருக்கலாம். ஏப்ரல் மாத இறுதியில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வாயிலாகச் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அதன் விற்பனை தொடங்கிற்று. மருத்துவரின் சீட்டு, பரிசோதனைச் சான்று, ஆதார் அட்டை ஆகியவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, வெளிமாவட்டத்தார் உட்பட ஆயிரக்கணக்கானோர் இரவும் பகலும் வரிசையில் நின்றனர். நோயாளி ஒருவருக்கு ஆறு குப்பிகள் வேண்டும். முதல் நாள் இரண்டு, பின்னர் நான்கு நாள்களுக்கு ஒவ்வொன்று. கள்ளச் சந்தையில் பன்மடங்கு விலைக்கு விற்றோர் கைதாயினர். மே மாத நடுவில் விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டது. அங்கும் கூட்டம் கட்டுக்கடங்காமற் போகவே, மருந்தை நேராகத் தனியார் மருத்துவமனைகளுக்கே வழங்க அரசு முடிவு செய்தது.

தாலியை அடகு வைத்தேனும் அம்மருந்தை வாங்கிவிட வேண்டுமெனத் துடித்த மனைவியரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோருக்கு ரெம்டெசிவிர் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அறிவுரை கூறியிருந்தது. பல நாடுகளில் நடந்த அதன் ஆய்வில், அம்மருந்து மரணங்களைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அவ்வறிவுரைக்கு ஐந்து மாதங்கள் கழித்தே கீழ்ப்பாக்கத்தில் வரிசை நின்றது!

அப்படியாயின் அது பயனற்ற மருந்தா? அல்ல. கொரோனா நோய்க்கு இரண்டு பருவங்கள் உண்டு. முதற் சில நாள்களில் வைரஸ் உடலில் பல்கிப் பெருகுகிறது. பின்னர், சிலருக்கு, உடலின் தற்காப்பு ஆற்றலே வரம்பு மீறி நுரையீரலைப் புண்ணாக்குகிறது. ரெம்டெசிவிர் வைரஸ் தன்னைப் படியெடுப்பதைத் தடுப்பது. ஆகவே அதன் வேளை முதற் பருவமே. மூச்சுத் திணறி, படுக்கை கிடைத்து, சீட்டு எழுதப்பட்டு, வரிசையில் நின்று மருந்து வருவதற்குள் அவ்வேளை பெரும்பாலும் கடந்துவிடும். இரண்டாம் பருவத்தில் உயிர் காத்தது டெக்சாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான மருந்து. செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2020 ஜூனில் இங்கிலாந்து ஆய்வு காட்டிற்று. அதற்கு எவரும் வரிசையில் நிற்கவில்லை.

ஆபத்து மிகுந்தோருக்குத் தொடக்கத்திலேயே மூன்று நாள் ரெம்டெசிவிர் செலுத்தியபோது மருத்துவமனையில் சேரும் நிலை 87 விழுக்காடு குறைந்ததென்று 2021 இறுதியில் வெளியான ஆய்வு கூறியது. 2022-இல் உலகச் சுகாதார நிறுவனமும் தன் அறிவுரையை மாற்றி, ஆபத்து மிகுந்த தொடக்க நோயாளருக்கும், பின்னர் கடும் நோயாளருக்கும் அதனைப் பரிந்துரைத்தது.

இதற்கிடையே விழுங்கும் மாத்திரைகளும் வந்தன. மோல்னுபிராவிருக்கு இந்தியா 2021 டிசம்பரில் அனுமதி தந்தும், பாதுகாப்புக் குறித்த ஐயங்களால் தேசியச் சிகிச்சை முறையில் அது சேர்க்கப்படவில்லை. நிர்மட்ரெல்விர், ரிட்டோனாவிர் இரண்டும் சேர்ந்த மருந்தே வலியது. நோய்க்குறி தோன்றி ஐந்து நாள்களுக்குள் தொடங்கி, ஐந்து நாள் உண்ண வேண்டும். ஐதராபாத் நகரின் ஹெட்டிரோ நிறுவனம் தயாரித்த அதன் பொதுப்பெயர் வடிவத்துக்கு 2022 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் தரச்சான்று அளித்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எய்ட்ஸ் சிகிச்சைக்கென வந்த ரிட்டோனாவிர், கல்லீரல் மருந்துகளைச் சிதைப்பதைத் தாமதப்படுத்துவது. நிர்மட்ரெல்விர் உடலில் நீடித்து நிற்பது அதனாலேயே. ஆனால் மற்ற மருந்துகளும் அவ்வாறே தேங்கிவிடும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினை இதனுடன் உண்ணலாகாது. சிறுநீரகம் தளர்ந்தோருக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே வீட்டிலுள்ள முதியவருக்குக் காய்ச்சல் கண்டு பரிசோதனையில் கொரோனா எனத் தெரிந்தால், அன்றே மருத்துவரிடம் செல்க. அவர் அன்றாடம் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்க.